பழைய பொருளுக்குப் புதிய வேலை: மரச்சாமான், வீட்டுப் பொருள், உடை மறுவடிவமைப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் யோசனை வேண்டுமா, பொருள் வேண்டுமா?

பொருள்தான் முதலில். எங்கோ படத்தில் பார்த்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற பழைய சாமானைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மரத்தையும் நல்ல துணியையும் வீணாக்கிவிடுகிறார்கள். கையில் இருக்கும் பொருளைக் கவிழ்த்துப் பாருங்கள். இழுப்பறையை முழுக்க வெளியே எடுங்கள். உடையென்றால் உள்பக்கத்தைப் புரட்டித் தையலைப் பாருங்கள். அதில் செய்வதற்கு மிகக் கடினமாக இருந்திருக்கக்கூடிய பகுதி எது? நாற்காலி முதுகின் வளைவா, பெட்டியின் மூலை இணைப்பா, சட்டையின் காஜாவா? அதைச் செய்தவர் அங்கேதான் அதிக நேரத்தைக் கொடுத்திருப்பார். அந்த உழைப்பு புதிய பொருளிலும் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும்.

ஓர் உதாரணம். பழைய சட்டையைத் தலையணை உறையாக மாற்றுகிறவர்களில் பலர் பொத்தான் பட்டையை வெட்டி எறிந்துவிட்டு, பின்பக்கத் துணியை மட்டும் எடுத்து, புதிதாக ஜிப் வாங்கித் தைக்கிறார்கள். ஆனால் ஒரு தலையணை உறைக்கு வேண்டியதெல்லாம் திறந்து மூடும் ஒரு வாய்தான். பொத்தான் பட்டை அதற்காகவே தயாராக இருக்கிறது. சட்டையைப் பொத்தான் போட்டு மூடி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் நேர்த்தையல் போட்டு, பொத்தான்களைக் கழற்றிப் புரட்டினால் உறை முடிந்தது. யோசனை சட்டைக்குள்ளேயே இருந்தது. இந்தப் பக்கத்தில் வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கின்றன.

இது கைவேலைப் பொழுதுபோக்கா, உண்மையான வடிவமைப்பா?

இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான வடிவமைப்புகள் சில இந்த வழியில்தான் பிறந்தன. இத்தாலியின் காஸ்டிலியோனி சகோதரர்கள் 1957-இல் டிராக்டர் இருக்கையை எடுத்து, வளைந்த ஒற்றை எஃகுப் பட்டையின் மேல் பொருத்தி, கீழே ஒரு குறுக்குக் கட்டையை வைத்து 'மெட்சாத்ரோ' என்ற முக்காலியை வடிவமைத்தார்கள். டிராக்டர் இருக்கை வயலில் மணிக்கணக்காக உட்காருவதற்காகச் செய்யப்பட்டது. அதில் துளைகளும் உடலுக்கேற்ற குழிவும் முன்பே இருந்தன. அதை அவர்கள் மாற்ற முயலவில்லை, நிற்க ஒரு கால் மட்டும் கொடுத்தார்கள்.

நெதர்லாந்தின் டெயோ ரெமி 1991-இல், வெவ்வேறு மேசைகளிலிருந்து கழற்றிய பழைய இழுப்பறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிய மரக்கூடு செய்து, அவற்றைக் கோணல்மாணலாக அடுக்கி, ஒரே பட்டையால் இறுக்கிக் கட்டினார். அதே நாட்டின் பீட் ஹைன் ஏக், 1990-இல் வடிவமைப்புக் கல்லூரியின் இறுதித் தேர்வுப் படைப்பாகக் கழிவு மரத்துண்டுகளால் ஓர் அலமாரியைச் செய்தார். பெயின்ட் உரிந்த துண்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு, மிகத் துல்லியமாக இணைத்து, மேலே பளபளப்பான பூச்சுக் கொடுத்தார். இந்த இருவரின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சமநிலை. பொருள் பழையது, கைவேலை குறைசொல்ல முடியாதது. கழிவுப்பொருள்தானே என்று கைத்திறனில் சலுகை எடுத்துக்கொள்ளக் கூடாது. மரம் பழையதாக இருக்கும்போது மூட்டு இன்னும் நேர்த்தியாக இருந்தாக வேண்டும்.

ஒரு பழைய மரச்சாமான் மாற்றத்துக்குத் தாங்குமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்றைப் பாருங்கள்: என்ன பலகை, எப்படி இணைத்திருக்கிறார்கள், உளுத்திருக்கிறதா.

பலகையின் ஓரத்தில்தான் உண்மை தெரியும். மேல்பரப்பில் ஓடும் மர ரேகை ஓரத்திலும் தொடர்ந்தால் அது முழு மரம். மெல்லிய அடுக்குகள் தெரிந்தால் பிளைவுட். தூளை அழுத்திச் செய்தது போல் இருந்தால் பார்ட்டிகிள் போர்டு அல்லது எம்.டி.எஃப். முழு மரத்தை அறுக்கலாம், இழைக்கலாம், மறுபடி மறுபடி திருகாணி போடலாம். பிளைவுட்டும் நன்றாகத் தாங்கும். பார்ட்டிகிள் போர்டு வேறு கதை. ஒருமுறை திருகாணி கழன்ற துளை மறுமுறை பிடிக்காது. தண்ணீர் பட்ட இடம் உப்பிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. 18 மி.மீ. கனமுள்ள பார்ட்டிகிள் போர்டில் புத்தக அலமாரி செய்தால், தாங்குகோல் இல்லாத நீளம் 60 செ.மீ.-ஐத் தாண்டும்போது நடுவில் தொய்யத் தொடங்கும். அப்படிப்பட்ட சாமானை அறுத்துப் புதிய வடிவம் கொடுப்பதைவிட, அதன் கூட்டை அப்படியே வைத்துக் கதவையும் கைப்பிடியையும் நிறத்தையும் மாற்றுவது நல்லது.

இன்னொரு வகை வெனீர். மலிவான பலகையின் மேல் நல்ல மரத்தின் மெல்லிய ஏட்டை ஒட்டியிருப்பார்கள். இப்போதைய வெனீர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் மீது மின்சார உப்புத்தாள் இயந்திரத்தை ஓட்டினால் சில நொடிகளில் அடிப்பலகை தெரிந்துவிடும். கையால், நுண்ணிய உப்புத்தாளால், ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும்.

இணைப்புக்கு வருவோம். துளையில் கழுந்தை, அதாவது செதுக்கிய மரமுனையைச் செருகிய மூட்டு ஆடினால் கவலை வேண்டாம். பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை வைத்து இறுக்கிக் கட்டினால் இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். பழைய பசையின் மேலேயே புதுப் பசையை ஊற்றினால் பிடிக்காது. மரப்பசை மர நார்க்குள் இறங்கினால்தான் வேலை செய்யும்.

கடைசியாக உளு. சிறு வட்டத் துளைகள் மட்டும் இருந்தால் அது பழைய சேதமாக இருக்கலாம். துளைக்குக் கீழே மாவு போன்ற தூள் புதிதாக விழுந்திருந்தால் வண்டுப்புழு இன்னும் உள்ளே தின்றுகொண்டிருக்கிறது. சாமானுக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்துச் சில வாரங்கள் விட்டுப் பாருங்கள். தாளில் தூள் சேர்ந்தால், மருந்திட்டுச் சரிசெய்யும் வரை வீட்டின் மற்ற மரங்களுக்கு அருகே அதை வைக்காதீர்கள்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கலாமா?

எப்போது அடித்த பெயின்ட் என்று தெரியாவிட்டால் உலர் உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. பல பத்தாண்டுகள் வீட்டுப் பெயின்ட்டுகளில் ஈயம் கலந்திருந்தது. அமெரிக்காவில் குடியிருப்புகளுக்கான ஈயப் பெயின்ட் 1978-இல்தான் தடை செய்யப்பட்டது. பல நாடுகளில் தடை அதற்கும் வெகு காலம் கழித்தே வந்தது. ஈயத்தூள் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அதில் இல்லை. வெப்பத் துப்பாக்கியால் எரித்து உரிப்பது இன்னும் மோசம், ஈயம் ஆவியாகக் கிளம்பும். சோதனை செய்து பார்க்கும் வரை, உரியாத பெயின்ட்டை அப்படியே விட்டு மேலே நல்ல பிரைமரும் புதுப் பூச்சும் கொடுத்து மூடிவிடுங்கள். குழந்தைகள் வாய் வைக்கும் சாமானுக்கு அதுகூட வேண்டாம்.

பெயின்ட் இல்லாமல் பாலிஷ் மட்டும் இருந்தால் வேலை சுலபம். மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். அதைச் சுரண்ட வேண்டியதே இல்லை. ஸ்பிரிட்டில் கரைத்த புது அரக்கை மேலே பூசினால் பழைய பூச்சோடு கலந்து ஒன்றாகிவிடும். இவ்வளவு பணிவான பூச்சு வேறு இல்லை.

ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பத்தை வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. துணியை வெளியில் தனியாக விரித்து முழுக்கக் காயவிட்டோ, தண்ணீரில் முக்கி மூடிய உலோக டப்பாவில் வைத்தோ அப்புறப்படுத்துங்கள்.

சரக்கு ஏற்றும் மரத்தட்டுகளைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், முத்திரையைப் பார்த்துவிட்டு. நாடுகளுக்கிடையே போய்வரும் பேலட்டுகளில் கோதுமைக்கதிர் சின்னத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் ஹெச்.டி. (HT) என்ற எழுத்துகள் இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது, அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். முத்திரையே இல்லாதது எங்கே எதைச் சுமந்தது என்று யாருக்கும் தெரியாது. எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருந்தால், ஹெச்.டி. முத்திரை இருந்தாலும் வேண்டாம்.

பேலட்டை அப்படியே கிடத்தி மெத்தை போட்டுச் சோபா என்று சொல்வதில் எனக்கு அதிக மரியாதை இல்லை. உட்கார ஆழம் அதிகம், முதுகுக்குத் தாங்கல் இல்லை, அடியில் கூட்ட முடியாது. பலகைகளைப் பிரித்து எடுத்து, இழைத்து, அதை வெறும் மரமாகப் பயன்படுத்தினால் அருமையான சிறு பெஞ்சும் சுவர்த்தட்டும் கிடைக்கும். ஆணி பிடுங்கச் சோம்பல் வேண்டாம்; உடைந்த ஆணி ஒன்று உள்ளே இருந்தாலும் இழைப்புளியின் அலகு போய்விடும்.

பழைய கதவை மேசையாக்குவது எப்படி?

முதலில் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்டால் உள்ளே தேன்கூடு போன்ற அட்டைதான் இருக்கிறது. விளிம்பில் மட்டும் மரச்சட்டம் இருக்கும், நடுவில் போட்ட திருகாணி பிடிக்காது. அத்தகைய கதவுக்குக் கால்களை நேரடியாகப் பொருத்தாமல், கீழே முழுச் சட்டகம் ஒன்று செய்து அதன் மேல் கிடத்த வேண்டும். முழு மரக் கதவு என்றால் கவலையில்லை, எடையை மட்டும் மனத்தில் வையுங்கள்.

அளவுகள்: எழுதவும் சாப்பிடவும் மேசையின் உயரம் 72 முதல் 76 செ.மீ. நாற்காலி இருக்கை சுமார் 45 செ.மீ. இரண்டுக்கும் இடையே தொடை நுழைய 25 முதல் 30 செ.மீ. வேண்டும். கதவின் கனத்தைக் கழித்துத்தான் காலின் உயரத்தைக் கணக்கிட வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பழைய கதவுகளில் பள்ளமான கட்டங்கள் இருந்தால் மேலே கெட்டிப்படுத்திய கண்ணாடி ஒன்றைப் போடுவது வழக்கம். தாழ்ப்பாள் இருந்த ஓட்டையை அடைக்காமல் மின்கம்பிகள் இறங்கும் வழியாக விட்டுவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் துளைக்கு ஒரு வேலை கொடுப்பது புதுத் துளை போடுவதைவிட எப்போதும் அழகு.

முழு மரத்தாலான மேல்பலகையை எந்தச் சட்டகத்தின் மேல் பொருத்தினாலும் திருகாணித் துளையைச் சற்று நீள்வடிவமாக்குங்கள். மரம் ஈரக்காலத்தில் ரேகைக்குக் குறுக்காக விரியும், வறண்ட காலத்தில் சுருங்கும். அசைய இடம் கொடுக்காவிட்டால் வெடிக்கும்.

ஏணி, மரப்பெட்டி, சூட்கேஸ்?

ஏணி சுவரோடு சாய்ந்த அலமாரியாக நன்றாக நிற்கும், ஆனால் மேல்முனையைச் சுவரில் பிணையுங்கள். உயரமான எந்தச் சாமானும், குறிப்பாக இழுப்பறைகள் உள்ளது, குழந்தை பிடித்து ஏறினால் கவிழும். ஒரு சிறு உலோகக் கோணமும் இரண்டு திருகாணியும் போதும். சூட்கேஸைக் குட்டை மேசையாக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. திறக்க வேண்டிய பொருளின் மேல் எப்போதும் ஏதாவது இருக்கும், பிறகு அது திறக்கப்படவே மாட்டாது.

பாட்டிலையோ பழைய பாத்திரத்தையோ விளக்காக்குவது பாதுகாப்பானதா?

கவனமாகச் செய்தால் பாதுகாப்பானதுதான். எல்.இ.டி. பல்பு மட்டும் போடுங்கள். பழைய இழைப் பல்பு துணிக்கூண்டையும் காகிதத்தையும் கருக்கிவிடும் அளவுக்குச் சூடாகும். கண்ணாடியில் துளையிட வைர முனை வேண்டும், துளையிடும் இடம் தண்ணீரில் நனைந்தபடியே இருக்க வேண்டும், கண்ணுக்குக் கவசம் கட்டாயம். வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் போடாவிட்டால் கண்ணாடி விளிம்போ உலோக விளிம்போ நாளடைவில் வயரின் உறையை அறுத்துவிடும். உடல் உலோகமாக இருந்தால் எர்த் இணைப்பு இல்லாமல் செருகவே கூடாது. இவற்றில் எதிலாவது தயக்கம் இருந்தால், வீட்டு மின்சாரத்தை விட்டுவிட்டு பேட்டரியில் ஓடும் எல்.இ.டி. சரத்தைப் பயன்படுத்துங்கள். வெளிச்சம் சற்றுக் குறையலாம், ஆனால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

டயரில் இருக்கை, பூந்தொட்டி செய்யலாமா?

வெளியிடத்தில் மட்டும், அடியில் துளையிட்டு. டயருக்குள் தேங்கும் சிறிதளவு தண்ணீரே டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். உண்ணும் செடிகளை அதில் வளர்க்க வேண்டாம், வீட்டுக்குள்ளும் வேண்டாம். தீப்பிடித்தால் டயரை அணைப்பது மிகக் கடினம்.

யாரோ பயன்படுத்திய சோபாவை எடுத்து உறை மாற்றலாமா?

சட்டகம் நல்லதென்றால் எடுக்கலாம், பஞ்சும் துணியும் வேண்டாம். பழைய துணியைப் பிரிக்கும்போது தையலோரங்களில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி இருந்திருக்கிறது. ஆகவே பிரிக்கும் வேலையை வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். கழற்றிய உறைகளைச் சூடான உலர்த்தியில் அரை மணி நேரம் ஓட்டினால் பூச்சியும் முட்டையும் சாகும். பழைய ஃபோம் பற்றி இன்னொரு செய்தி: பிரிட்டனில் மெத்தை இருக்கைகளுக்கான தீப்பாதுகாப்பு விதிகள் 1988-இல் வந்தன. அதற்கு முந்தைய பாலியூரித்தேன் ஃபோம் எரியும்போது சில நிமிடங்களில் அறையை நச்சுப்புகையால் நிரப்பிவிடும் என்பதுதான் காரணம். எந்த நாடாக இருந்தாலும் நொறுங்கத் தொடங்கிய ஃபோமைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். கழற்றிய துணித்துண்டுகளை மட்டும் பத்திரமாக வையுங்கள். புது உறை வெட்டுவதற்கு அவற்றைவிடச் சிறந்த மாதிரி கிடையாது. ஒவ்வொரு துண்டிலும் எது மேல், எது முன் என்று சுண்ணக்கட்டியால் குறித்துவிட்டே பிரியுங்கள்.

துணிக்கு வருவோம். எது என்ன துணி என்று தெரியாமல் எப்படித் தொடங்குவது?

உள்ளோரத்திலிருந்து சில நூல்களை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க்குழாய்க்கு அருகில் தீயில் காட்டுங்கள். பருத்தியும் லினனும் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளியும் பட்டும் மயிர் கருகும் நாற்றம் அடிக்கும், தீயை விலக்கினால் தாமாக அணையும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். இது தெரிந்துகொள்வது சாயத்துக்கும் உதவும். பருத்திக்கான சாயம் பாலியெஸ்டரில் பிடிக்காது. அதனால்தான் பருத்திச் சட்டையைச் சாயம் போட்டால் தையல் நூல் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்பது அடிக்கடி நடக்கிறது, நூல் பாலியெஸ்டர். அதை மறைக்க முயல வேண்டாம், அந்தக் கோடுகள் உடைக்கு வடிவம் தருகின்றன.

இணைத்துத் தைக்கும் துணிகள் கனத்தில் ஒத்திருக்க வேண்டும் என்பது நிறம் ஒத்திருப்பதைவிட முக்கியம். தடித்த துணி மெல்லியதை இழுத்துக் கிழித்துவிடும். வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை துவைத்துவிடுங்கள்.

ஜீன்ஸில் என்ன செய்யலாம்?

பை செய்வது எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல விரும்புவது எந்தப் பகுதியை எதற்கு எடுப்பது என்பதுதான். முழங்காலும் தொடையின் உள்பக்கமும் தேய்ந்திருக்கும், அவை சுமை தாங்காது. கணுக்காலிலிருந்து ஆடுசதை வரையும், பின்தொடையும் பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். பட்டை, கைப்பிடி போன்றவற்றுக்கு இடுப்புப் பட்டையை அப்படியே எடுங்கள். பைகளைத் தைத்தபடியே சுற்றி வெட்டி எடுத்தால் சுவரில் தொங்கும் ஒரு பல்லறைப் பையாக மாற்றலாம். பையின் மூலைகளில் உள்ள செம்புக் குமிழ்கள் கிழியாமல் இருப்பதற்காகவே வந்தவை. லெவி ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் 1873-இல் காப்புரிமை பெற்றது அதற்குத்தான். தையல் இயந்திரத்தை அவற்றின் மேல் ஓட்டினால் ஊசி உடையும்.

டெனிமில் பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. ஆகவே உள்பக்கம் வெளுப்பாக இருக்கும். ஒரே ஜீன்ஸின் இரு முகங்களையும் மாற்றி மாற்றி இணைத்தால் வேறு துணியே இல்லாமல் இரு நிறக் கட்டங்கள் கொண்ட போர்வையோ விரிப்போ கிடைக்கும். 100/16 அளவு ஊசியைப் பயன்படுத்துங்கள். நான்கு அடுக்கு சேரும் இடங்களைத் தைக்கும் முன் சுத்தியலால் தட்டி மட்டமாக்குங்கள்.

பழைய டி-ஷர்ட், சுருங்கிய ஸ்வெட்டர்?

பக்கத் தையல் இல்லாத டி-ஷர்ட் என்றால் அக்குள் மட்டத்துக்குக் கீழே உள்ள குழாய் போன்ற பகுதியைச் சுழல் வடிவில் இரண்டு செ.மீ. அகலத்தில் வெட்டிக்கொண்டே போங்கள். ஒரே நீளமான பட்டை கிடைக்கும். இழுத்துவிட்டால் ஓரங்கள் தாமே சுருண்டு தடித்த நூலாகும். கொக்கி ஊசியால் பின்னிக் கூடையும் மிதியடியும் செய்யலாம்.

சூடான நீரில் துவைத்து வீணான முழுக்கம்பளி ஸ்வெட்டரை எறியாதீர்கள். இழைகள் பின்னிப் பிணைந்து ஃபெல்ட் ஆகியிருக்கும், எங்கே வெட்டினாலும் நூல் பிரியாது. கையுறை, செருப்பின் உள்தாள், கோப்பையின் அடித்தட்டு எதுவும் ஆகும்.

கிழிசலை மறைப்பதா, காட்டுவதா?

மறைக்க முடியாத கிழிசலை மறைக்க முயன்றால் அது அரைகுறையாகத் தெரியும். அதைவிடத் துணிந்து காட்டுவது மேல். வட ஜப்பானின் ஏழைக் குடும்பங்கள் நீலச் சாயமிட்ட துணிகளை ஒட்டின் மேல் ஒட்டாகப் போட்டு, வெள்ளை நூலால் ஓட்டுத்தையலிட்டுத் தலைமுறைகளாக உடுத்தின. போரோ என்று அழைக்கப்படும் அந்த உடைகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சாஷிகோ என்னும் அந்தத் தையல் அழகுக்காக மட்டும் பிறந்ததன்று. நெருக்கமான ஓட்டுத்தையல் இரு துணிகளைச் சேர்த்து இறுக்கி, குளிரையும் தேய்மானத்தையும் தடுத்தது. உடைந்த பீங்கானை மரப்பாலிலிருந்து எடுக்கும் அரக்கால் ஒட்டி அந்தக் கோட்டில் பொற்பொடி தூவும் கின்சுகியும் அந்நாட்டினுடையதே.

அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் தேய்ந்த வேலையாடைகளை வெட்டித் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. வெயிலில் வெளுத்த முழங்காலும், பையைப் பிரித்த இடத்தில் மட்டும் வெளுக்காமல் நின்ற கருநீலமும் அவற்றில் நிறங்களாகவே வேலை செய்கின்றன. நிறச் சேர்க்கை கற்க விரும்புகிறவர்களுக்கு அந்தப் போர்வைகளைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

நடைமுறையில்: ஒட்டு கிழிசலைவிட எல்லாப் பக்கமும் குறைந்தது இரண்டு செ.மீ. பெரிதாக இருக்கட்டும். கிழிசலைச் சுற்றியுள்ள துணியும் நைந்திருக்கும், தையல் வலுவான துணியில் போய் நிற்க வேண்டும்.

எல்லாம் செய்தும் கடைசியில் குப்பைபோலத் தெரிகிறதே, ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று. ஒரே பொருளில் எல்லா யோசனைகளையும் திணித்திருப்பீர்கள். நிறம், கைப்பிடி, கால், வடிவம் எல்லாம் ஒரே நேரத்தில் மாறினால் கண் எங்கும் நிற்காது. அல்லது ஓரங்களை முடிக்காமல் விட்டிருப்பீர்கள். பலகையின் விளிம்பை ஒரே சீராக மழுக்கி, துணியின் ஓரத்தை மடித்துத் தைத்தாலே பாதிக் குறை போய்விடும். மூன்றாவது, அளவுகளில் ஒழுங்கு இல்லை. ஏக் செய்த அலமாரியில் நிறங்கள் கட்டுக்கடங்காதவை. ஆனால் வெளிவடிவம் எளிய செவ்வகம். உள்ளே குழப்பம் இருக்கலாம் என்றால் வெளிக்கோடு அமைதியாக இருக்க வேண்டும். சூரிச்சின் ஃபிரைடாக் சகோதரர்கள் 1993 முதல் லாரித் தார்ப்பாயில் செய்துவரும் பைகளையும் பாருங்கள். ஒவ்வொரு பையின் நிறமும் எழுத்துத் துண்டும் வேறு. வடிவம் மட்டும் ஒரே மாதிரி. வார்ப்பட்டை காரின் இருக்கைவார், விளிம்பு சைக்கிளின் உள்டியூப். மூன்றும் மழையையும் இழுவையையும் தாங்கவே பிறந்த பொருள்கள் என்பதால் பை உழைக்கிறது.

இதனால் சுற்றுச்சூழலுக்கு உண்மையிலேயே நன்மை உண்டா?

நீங்கள் செய்தது ஒரு புதுப்பொருளை வாங்குவதைத் தவிர்த்திருந்தால் நிச்சயம் உண்டு. சுவரில் மாட்டிவிட்டு மறந்துபோகும் அலங்காரத்துக்காக ஸ்பிரே பெயின்ட்டும் எபாக்சி பிசினும் பசைத்துப்பாக்கியும் வாங்கியிருந்தால் இல்லை. இன்னொன்றும் உண்டு. தூய பருத்தியாகவோ தூய அலுமினியமாகவோ இருந்ததை வேறு பொருளோடு பசைபோட்டு ஒட்டிவிட்டால் பிறகு யாராலும் அதைப் பிரித்து மறுசுழற்சி செய்ய முடியாது. கழிவு தொழிற்சாலை அளவில் சேரும்போது வேறு வழிகள் உண்டு. அமெரிக்காவின் எமெகோ நாற்காலி நிறுவனம் தன் 1944-ஆம் ஆண்டு அலுமினிய நாற்காலியின் வடிவத்தையே 2010-இல் ஒரு நாற்காலிக்கு 111 பிளாஸ்டிக் (பெட்) பாட்டில்களைக் கொண்டு வார்த்தது. வீட்டில் நாம் அதைச் செய்ய முடியாது. நம்மால் முடிவது, திருகாணியால் இணைக்கக்கூடியதைப் பசையால் ஒட்டாமல் இருப்பது.

செய்ததை விற்கலாமா?

விற்கலாம். மெத்தை இருக்கை, குழந்தைப் பொருள், மின்விளக்கு மூன்றுக்கும் பெரும்பாலான நாடுகளில் தனிப் பாதுகாப்பு விதிகள் உண்டு, முதலில் அவற்றைப் படியுங்கள். பிரபல நிறுவனங்களின் சின்னம் தெரியும் துணியையோ பையையோ வெட்டிப் புதுப்பொருளாக விற்பது வணிகச்சின்ன வழக்கில் கொண்டுபோய் விடலாம். விலை வைக்கும்போது உங்கள் நேரத்தைக் கணக்கில் சேருங்கள். பொருள் இலவசமாகக் கிடைத்ததென்று உழைப்பையும் இலவசமாகக் கொடுத்தால், இதையே பிழைப்பாகக் கொண்ட தச்சரும் தையல்காரரும் போட்டியிட முடியாமல் போவார்கள்.

என்ன கருவிகள் வேண்டும்?

மரத்துக்கு ஒரு கைரம்பம், துளையிடும் இயந்திரம், திருப்புளி, இரண்டு இறுக்கிகள், மூன்று தர உப்புத்தாள், மூலைமட்டம். துணிக்கு நல்ல கத்தரிக்கோல் ஒன்று, தையல் பிரிக்கும் கருவி, ஊசிகள், இஸ்திரிப்பெட்டி. தையல் இயந்திரம் பிறகு வாங்கலாம். ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போட்டு அமர்த்திவிட்டு அடுத்ததற்குப் போவது, விலையுயர்ந்த இயந்திரம் தராத நேர்த்தியைத் தரும்.

எந்தப் பொருளை மாற்றவே கூடாது?

உயிரைக் காக்கச் செய்த பொருளை அதே வேலைக்குத் திரும்ப அனுப்பக் கூடாது: ஹெல்மெட், காரில் குழந்தை இருக்கை, ஏறுகயிறு. பழைய ஏறுகயிற்றில் மிதியடி பின்னலாம், அதில் ஊஞ்சல் தொங்கவிடக் கூடாது. பக்கக் கம்பி கீழிறங்கும் பழைய தொட்டில்களைக் குழந்தை தூங்கக் கொடுக்காதீர்கள், அமெரிக்காவில் 2011-இல் அவற்றின் விற்பனையே தடை செய்யப்பட்டது. கம்பிகளைத் துணி உலர்த்தும் சட்டமாகவோ செடி படரும் பந்தலாகவோ மாற்றலாம்.

நல்ல நிலையில் உள்ள அரிய கைவினைச் சாமானையும் தொடாதீர்கள். அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மீட்கவே முடியாதபடி உளுத்தது, பூஞ்சை ஊறியது, என்ன ரசாயனம் பட்டதென்று தெரியாதது ஆகியவற்றை விட்டுவிடலாம். விடுவதற்கு முன் கீல், கைப்பிடி, பூட்டு, பித்தளைத் திருகாணி, பொத்தான், ஜிப் எல்லாவற்றையும் கழற்றி, வகைவாரியாகப் பெயர் எழுதிய டப்பாக்களில் போட்டு வையுங்கள். ஒரே அளவில் நான்கு பழைய கைப்பிடிகள் தேவைப்படும் நாளில் கடைகளில் அவை கிடைப்பதில்லை.